வளையத்தில் துரு இல்லை

கல்யாணப் பெண்ணின் முகத்தில் பரு இருக்கக்கூடாது. பணகுடி ஜெபஸ்டினுக்கு இது இருபது வருடக் கொள்கை. பெண்ணின் பரு, மாப்பிள்ளையின் தேமல், சித்தப்பாவின் வெற்றிலைக் கறைப் பல், மண்டபச் சுவரில் போன முகூர்த்தக்காரர்கள் விட்டுப்போன எண்ணெய்ப் பிசுக்கு என்று எல்லாவற்றையும் துடைத்துத்தான் வீடியோவைக் கொடுப்பார். யாரும் கேட்க வேண்டியதில்லை. கேட்காமலே செய்து கொடுப்பதால்தான் வள்ளியூரிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஆட்கள் அவர் ஸ்டுடியோவைத் தேடி வந்தார்கள்.

காற்றாலைக் கம்பெனியும் அப்படித்தான் ஒருநாள் தேடி வந்தது. ராதாபுரம் பக்கம் அவர்களுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு காற்றாலைகள். எல்லாம் இருபத்தைந்து வருடத்துக் கிழங்கள். அதற்குள் சட்டமும் மாறியிருந்தது. காற்றாலை உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க எந்த அதிகாரியும் இப்போது மேலே ஏறுவதில்லை. ஏறுகிற தொழிலாளியின் ஹெல்மெட்டில் ஓர் ஆக்‌ஷன் கேமரா இருக்கும். அது எடுத்த வீடியோவைச் சென்னையில் ஓர் இயந்திரம் பார்க்கும். போல்ட் சரி, ஏணி சரி, வளையம் சரி என்று அது சொன்னால் சரி. மனுஷன் சொன்னால் சாட்சி, வீடியோ சொன்னால் தீர்ப்பு என்று ஆகிப்போன காலம்.

அந்த இயந்திரத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஃபைல் சின்னதாக இருக்கவேண்டும், படத்தின் தரம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்கவேண்டும். ஆக்‌ஷன் கேமரா வீடியோவோ மலை மாதிரி கனக்கும். அதைச் சின்ன ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து தருவதுதான் ஜெபஸ்டினிடம் அவர்கள் கேட்ட வேலை. சுருக்கி எக்ஸ்போர்ட் செய்தால் கயிற்றின் இழையெல்லாம் குழைந்த சோறாகிவிடும். எடுத்த ஃபிரேம் ரேட்டை மாற்றாதே, பிட்ரேட்டில் கை வைக்காதே, ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்ததை மறுமுறை செய்யாதே என்று ஜெபஸ்டினுக்குத் தெரிந்த வித்தைகள் எல்லாம் போட்டும் கம்பெனி முதலில் அனுப்பிய சாம்பிள் வீடியோ அந்த அளவுக்குள் அடங்கவில்லை.

'பளிங்கு' மென்பொருள் வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. அது வீடியோவைச் சுருக்குவதே இல்லை. முழுக்கப் பார்த்து, என்ன இருந்தது என்று மனதில் வாங்கிக்கொண்டு, எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒவ்வொரு ஃபிரேமையும் புதிதாக வரைந்து கொடுத்துவிடும். ஓர் இழை குழையாது. இன்னொரு கெட்டிக்காரத்தனமும் அதற்கு உண்டு. சொந்தக்காரரின் கையை அது கற்றுக்கொள்ளும். அவர் எதை விடுவார், எதைத் துடைப்பார் என்று பழைய வேலைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அவர் வரைந்தால் எப்படி வரைவாரோ அப்படியே வரையும். ஜெபஸ்டின் தன் கல்யாண வீடியோக்கள் அத்தனையையும் ஒரே வாரத்தில் அதற்குத் தின்னக் கொடுத்தார். என் கை இனி சாகாது என்று சர்ச்சில் நாலு பேரிடம் பெருமையடித்துக்கொண்டார். சாம்பிளை அதில் போட்டுக் கொடுத்ததும் கம்பெனி வேலை அவருக்கே வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மெமரி கார்டுகள் வரும். திங்கட்கிழமை காலையில் அவை மறுபடி ஹெல்மெட்டுக்குப் போயாகவேண்டும். எக்ஸ்போர்ட் செய்வார், 'தரம் குறையவில்லை' என்ற சான்றில் கையெழுத்துப் போடுவார், கார்டைக் காலி செய்து கொடுப்பார். வீடியோவை உட்கார்ந்து பார்க்கமாட்டார். நாற்பது மணி நேரம் ஏணியைப் பார்க்க எந்தப் பைத்தியக்காரன் உட்காருவான்? நாலு வருடம் இப்படியே போயிற்று.

நயினார் என்ற தொழிலாளி உச்சியிலிருந்து விழுந்து செத்த அன்று மட்டும் கார்டு வியாழக்கிழமை மத்தியானமே வந்துவிட்டது. கம்பெனி ஆள் பக்கத்திலேயே நின்றான். ஜெபஸ்டின் செத்தவனுக்குச் செய்கிற மரியாதையாக நினைத்து, இருப்பதிலேயே உயர்ந்த தரத்தை வைத்து எக்ஸ்போர்ட் செய்தார். விழுகிற இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். கார்டைக் காலி பண்ணிக் குடுங்க என்று கம்பெனி ஆள் கேட்டான். வாராவாரம் செய்கிற வேலைதானே, கை தானாகச் செய்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை நேரத்தில் முப்பிடாதி ஸ்டுடியோவுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. விழுந்து செத்த நயினார் அவளுடைய அண்ணன். அவனைச் சாகவிட்டதாகச் சிறையில் இருக்கும் சுடலைமணி அவள் புருஷன்.

காற்றாலை ஏறுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தன் கொக்கியைத் தானே மாட்டிக்கொள்ளக்கூடாது, கூட ஏறியவன்தான் மாட்டிவிட வேண்டும். அவசரத்தில் தன் உயிரை மறந்தாலும் அடுத்தவன் உயிரை மறக்கமாட்டான் என்று யாரோ யோசித்து வைத்தது. நயினாருடைய கயிற்றுக் கொக்கியை உச்சியில் இருக்கும் இரும்பு வளையத்தில் மாட்ட வேண்டியவன் சுடலைமணி. வளையம் முழுசாக இருந்தது என்று வீடியோ சொன்னது. முழு வளையம் பிய்யாது. அப்படியென்றால் கொக்கியை மாட்டவே இல்லை. விசாரணையில் இவ்வளவுதான் கணக்கு. அந்த வளையத்தையே இறக்கிப் பார்த்திருக்கலாமே என்றால், அன்று சாயங்காலமே பராமரிப்பு என்று சொல்லி அதை மாற்றியாயிற்று. வீடியோதான் இருக்கிறதே, வளையம் எதற்கு?

"அண்ணாச்சி, அந்தப் படம் உங்ககிட்ட இருக்காம்லா. எனக்குப் பாக்கணும்" என்றாள் முப்பிடாதி.

அதெல்லாம் பார்க்கிற மாதிரி இருக்காது தங்கச்சி, வேண்டாம் என்று ஜெபஸ்டின் தட்டிக்கழித்தார். அவள் நகரவில்லை. வளையம் கையோடு வந்துவிட்டது என்றுதான் சுடலைமணி முதல் நாள் போலீஸிடம் அலறினானாம். விசாரணையில் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியபின் அவன் வாயே திறக்கவில்லையாம்.

"எங்க அண்ணன எங்க வீட்டுக்காரவுக கொன்னாகளா இல்லையான்னு எனக்குத் தெரியணும். ரெண்டு பேருக்கும் சோறு போட்டவ நான். யாருக்காக அழுறதுன்னு தெரியாம மூணு மாசமா நிக்கேன்."

அதற்குமேல் மறுக்க அவருக்கு மனசு வரவில்லை. பெரிய திரையில் போட்டார். ஏணி, ஏணி, ஏணி. பிறகு உச்சி மேடை, வெயில், கீழே தீப்பெட்டி தீப்பெட்டியாய் வீடுகள். சுடலைமணியின் ஹெல்மெட் திரும்பும் பக்கமெல்லாம் படமும் திரும்பியது. வளையம் தெரிந்தது. அடுத்து நயினாரின் முகம் மிகக் கிட்டத்தில் வந்து, எதற்கோ சிரித்தது.

"நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினார். அவள் திரைக்கு அருகில் போய் நின்றாள். "இது யாரு?"

பாவம், அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று நினைத்து, உங்க அண்ணன்தான்மா என்றார்.

"எங்க அண்ணனுக்கு இடது கன்னம் பூரா தீக்காயத் தழும்பு. தீவாளிக்குப் புஸ்வாணம் வெடிச்சுது. அந்தத் தழும்பால ரெண்டு இடத்துல பொண்ணு குடுக்கல. இந்த ஆளு கன்னம் மாவு பூசின மாதிரில்லா இருக்கு. யாரு இது?"

ஜெபஸ்டினுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. மாப்பிள்ளை முகத்தில் தழும்பு இருந்தால் அவர் என்ன செய்வாரோ அதை அது செய்திருக்கிறது.

"நான் செய்யல தங்கச்சி. மென்பொருள் அதுவாச் செஞ்சிருக்கு. படத்த அது அப்படியே எடுத்துக் குடுக்காது. பாத்துட்டுத் திரும்ப வரையும். கறை, தழும்புன்னு தெரிஞ்சா விட்டுட்டு வரையும்."

"அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நான்தான்."

அவள் கத்தவில்லை. படத்தை மெல்லப் பின்னால் ஓட்டச் சொன்னாள். வளையம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, அதன் மேல் விரலை வைத்தாள். புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது.

"உப்புக்காத்துல எங்க வீட்டு ஜன்னல் கம்பி மூணு வருசத்துல உதிர்ந்துட்டு. இருபத்தஞ்சு வருசக் காத்தாடியில இது மட்டும் எப்படி அண்ணாச்சி இப்படி இருக்கும்?"

இதை ஒரு பிள்ளை பார்த்தாலும் கேட்டிருக்கும். விசாரணையில் ஒருவரும் கேட்கவில்லை. படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. மங்கலாக இருந்திருந்தாலாவது யாராவது கண்ணை இடுக்கிப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

இதை நீங்கதான் வந்து சொல்லணும் என்று சொல்லிவிட்டு அவள் போனபிறகு ஜெபஸ்டின் கடையைப் பாதி சாத்திவிட்டு நாலு வருட எக்ஸ்போர்ட்டையும் அங்கங்கே திறந்து பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு காற்றாலையிலும் ஒரு பொட்டுத் துரு இல்லை. போல்ட், ஏணிக்கம்பி, கதவுக் கீல் எல்லாம் முகூர்த்தத்துக்குத் தயாரான பெண் மாதிரி ஜொலித்தன. கார்டிலிருந்து பழையதை மீட்க முடியுமா என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டார். அதன்மேல் பத்துப் பன்னிரண்டு வாரம் புதிதாகப் பதிவாகியிருந்தது. அசல் போனது போனதுதான்.

மறுநாள் காவல்கிணற்றில் இருக்கும் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். குற்றாலிங்கம் என்ற பொறியாளர்தான் நாலு வருடத்துக்கு முன் அவரைத் தேடி ஸ்டுடியோவுக்கு வந்தவர். தங்கமான மனுஷன் என்றுதான் ஜெபஸ்டின் எண்ணியிருந்தார். குற்றாலிங்கம் காபி வரவழைத்து, முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். முகத்தில் ஓர் அதிர்ச்சியும் காணோம்.

"உங்களுக்கு முன்னாடி வேற ஒரு ஸ்டுடியோ பண்ணாங்க. நல்ல வேலைதான். ஆனா வாரத்துக்கு வாரம் மெஷின் எங்கயாவது துருவைப் பிடிச்சிடும். துருன்னா காத்தாடிய நிறுத்தணும், சாமான் வரணும், ஆள் வரணும். சீசன்ல நிறுத்த முடியுமா சொல்லுங்க. அப்பதான் பத்து ஸ்டுடியோவுக்கு ஒரே சாம்பிள் வீடியோவ அனுப்பி எக்ஸ்போர்ட் பண்ணித் தரச் சொன்னோம். உங்களோடதுதான் சுத்தமா வந்துச்சு."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும்னு எங்கயும் எழுதலயே. எங்ககிட்ட இருக்கிறது உங்க சான்று. தரம் குறையவில்லைன்னு வாராவாரம் நீங்க போட்ட கையெழுத்து. நாங்க உங்கள நம்பினோம், அவ்வளவுதான்" என்றார் குற்றாலிங்கம். பிறகு, அக்கறையோடு கேட்கிறவர் மாதிரி, காபி ஆறுது பாருங்க என்றார்.

ஜெபஸ்டின் காபியைக் குடித்தார். அதை நினைத்துத்தான் பின்னால் அவருக்கு அதிகம் கூசியது. இத்தனை ஸ்டுடியோ இருக்க என்னைத் தேடி வந்தார்கள் என்று நாலு வருடம் நெஞ்சை நிமிர்த்தியிருந்தார். அவர்கள் தேடி வந்தது படம் எடுப்பவனை அல்ல, கறை துடைப்பவனை.

அன்றே போலீஸுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கையெழுத்து தன்னுடையது என்ற நினைப்பு அவரைத் தடுத்தது. நாலு வருடச் சான்றும் பொய் என்று ஆனால் சுடலைமணி வெளியே வருவதற்குள் தான் உள்ளே போகவேண்டியிருக்கும். நாளைக்குப் போகலாம், ஞாயிறு ஜெபத்துக்கப்புறம் போகலாம், ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒன்பது நாளைக் கடத்தினார். அந்த ஒன்பது நாளும் ஆட்கள் அதே காற்றாலைகளில் ஏறினார்கள், அதே வளையங்களில் கொக்கியை மாட்டினார்கள். நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனுஷன் ஒன்பது நாள் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவரே சாட்சி.

பத்தாம் நாள் முப்பிடாதி மறுபடி வந்தாள். நேற்றுக் கோர்ட்டில் சுடலைமணி குற்றத்தை ஒத்துக்கொண்டுவிட்டான் என்றாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்கே அவர் உட்கார்ந்து எழுதினார். ஒன்றையும் மறைக்கவில்லை. தழும்பு, துரு, சாம்பிள் வீடியோ, காபி எல்லாவற்றையும் எழுதி, தான் கொடுத்த சான்று ஒவ்வொன்றும் பொய் என்று அடியில் கையெழுத்துப் போட்டு முப்பிடாதியின் வக்கீலிடம் கொண்டுபோனார். வக்கீல் இரண்டு முறை படித்தார். உங்கள் வாக்குமூலத்தால் வீடியோமேல் சந்தேகம்தான் வரும், வழக்கைத் திரும்ப எடுக்க அது போதாது என்றார். மேலே இருந்தது இரண்டே பேர், அதில் உயிரோடு இருப்பது ஒருவன். கொக்கியை நான் வளையத்தில் மாட்டினேன் என்று அவன் சத்தியம் செய்து ஒரு வரி எழுதிக் கொடுக்கவேண்டும். குற்றத்தை ஒத்துக்கொண்டவன் அதைச் சொன்னால்தான் கோர்ட் காது கொடுக்கும். அந்த ஒரு வரியை டைப் செய்து கையில் கொடுத்தார்.

மறுநாள் முற்பகலில் ஜெபஸ்டினும் முப்பிடாதியும் பாளையங்கோட்டைச் சிறையில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். சுடலைமணி மெலிந்திருந்தான். ஆனாலும் முகத்தில் ஒரு நிதானம் இருந்தது. காய்ச்சல் விட்டவன் மாதிரி தெரிந்தான். ஜெபஸ்டின் வக்கீல் கொடுத்த தாளை வலையின் கீழே உள்பக்கம் நீட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். முப்பிடாதி வலையைப் பிடித்துக்கொண்டு, "கையெழுத்துப் போடுங்க. வளையம் கையோட வந்துட்டுன்னு நீங்கதானே அன்னைக்குச் சொன்னீக" என்றாள்.

"சொன்னேன். அப்ப எனக்கு அப்படித்தான் தோணுச்சு" என்றான் சுடலைமணி. விசாரணையில் அந்த வீடியோவை அவனுக்குப் பதினேழு தடவை போட்டுக் காட்டினார்களாம். மச்சான் முகம் வரும்போதெல்லாம் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொள்வானாம். முதல் நாலைந்து தடவை, இல்லை, என் கை மாட்டியது என்று சண்டை போட்டானாம். அப்புறம் சந்தேகம் வந்ததாம்.

"இப்ப எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு அண்ணாச்சி. கொக்கி என் கையில இருக்கு. மச்சான் என்னமோ சொல்லிச் சிரிச்சாரு. நானும் சிரிச்சுக்கிட்டே வேற பக்கம் திரும்பிட்டேன். மாட்டிட்டேன்னு நினைச்சு விட்டுட்டேன். இரும்பு உரசுற சத்தம்கூட வரல. ராத்திரி கண்ண மூடுனா அதுதான் தெரியுது."

ஜெபஸ்டினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நயினார் சிரித்தது தவிர அவன் சொன்னது எதுவும் வீடியோவில்கூட இல்லை. வீடியோவில் அவன் சிரிப்புச் சத்தம் இல்லை, நயினார் சிரித்தபின் படம் வேறு பக்கம் திரும்பவும் இல்லை. கை வளையத்தை நோக்கித்தான் போகிறது, மாட்டுகிற இடத்தை அந்தக் கையே மறைத்துவிடுகிறது. விட்டுப்போன இடத்தையெல்லாம் அவனே வரைந்து நிரப்பிக்கொண்டிருந்தான். அது பொய்ப்படம் தம்பி, கர்த்தர்மேல் ஆணையாகச் சொல்கிறேன், உங்கள் கை மாட்டியது, வளையம்தான் துருவேறி இற்றுப்போயிருந்தது என்று வலையில் முகத்தை வைத்துக்கொண்டு மன்றாடினார்.

சுடலைமணி முப்பிடாதியைப் பார்த்தான். இவள் போய் அழுதிருப்பாள், அது தாங்காமல்தான் இந்த மனுஷர் இப்படியெல்லாம் சொல்கிறார் என்று அவன் முடிவு கட்டிவிட்டது அவன் கண்ணிலேயே தெரிந்தது. இனிமேல் என்னைப் பார்க்க வராதே, அண்ணனுக்கு ஆகவேண்டிய காரியத்தைப் பார் என்று அவளிடம் சொன்னான். அவள் விரல்கள் வலையிலிருந்து கழன்று இறங்கின. அண்ணன் போன அன்று அழுதவள், புருஷனுக்காக முதல்முறை அழுதது அப்போதுதான்.

கையெழுத்துப் போடாத தாளை அவன் வலையின் கீழிருந்த சந்து வழியாக ஜெபஸ்டின் பக்கம் தள்ளினான்.

"செத்தவரு மேல பொய்ச் சத்தியம் பண்ண என்னால முடியாது. நீங்க சங்கடப்படாதீங்க அண்ணாச்சி. அந்தப் படம் மட்டும் இல்லேன்னா நான் என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியாமப் போயிருக்கும்."